உளுத்த எலும்பில் ஸ்க்ரூ நிற்குமா? பிளேட், நெயில், சிமென்ட், மூட்டு மாற்று, மருந்து: எதை எப்போது தேர்ந்தெடுப்பது

பயிற்சிக் காலத்தில் ஒரு முறை, எழுபது வயது தாண்டிய ஒரு பெண்மணியின் கணுக்கால் முறிவுக்குப் பிளேட் வைத்துக் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் இறுகி வந்தது. இன்னும் கால் சுற்று போகட்டும் என்று கையைத் திருப்பினேன். சட்டென்று எதிர்ப்பே இல்லாமல் போய்விட்டது. அப்புறம் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தது, எதையும் பிடிக்கவில்லை. உளுத்துப்போன கதவு நிலையில் கீல் மாட்டுகிற தச்சருக்கு இந்த உணர்வு நன்றாகத் தெரியும். அவர் ஒரு குச்சியைச் செருகி மறுபடி முறுக்கிவிடுவார். எலும்பில் அது அவ்வளவு சுலபம் இல்லை.

அன்றிலிருந்து, எலும்புப்புரை உள்ளவர்களுக்கு உலோகம் பொருத்துவது என்றாலே என் கை தானாக மெதுவாகிவிடும்.

வீட்டார் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "டாக்டர், ஒருத்தர் நெயில் போடணும்கிறார். இன்னொருத்தர் சிமென்ட் சேர்த்துப் போடணும்கிறார். மூணாவது ஒருத்தர் மூட்டையே மாத்திடலாம்கிறார். அம்மாவுக்கு எதைத்தான் செய்யறது?" இளம் மருத்துவர்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான், சொற்கள்தான் வேறு. இரு தரப்பையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பிளேட் என்பது எலும்பின்மேல் வைத்து ஸ்க்ரூவால் பிடிக்கும் உலோகத் தகடு, நெயில் என்பது எலும்பின் நடுக்குழாய்க்குள் செலுத்தும் உலோகத் தண்டு.

தொடங்கும் முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சில் 'எலும்புத் தேய்மானம்' என்று இரண்டு நோய்களையும் சேர்த்தே சொல்கிறோம். முழங்காலில் குருத்தெலும்பு தேய்வது வேறு. இங்கே பேசுவது எலும்புப்புரை: எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து, வெளிச்சுவரும் சன்னமாகிப் போவது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோல். ஸ்கேன் எடுக்காவிட்டாலும், நின்ற இடத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்திருக்கிறது என்றால் அதுவே போதுமான சாட்சி. வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று சி.டி. ஸ்கேன் இருந்தால் அதையும் பார்க்கலாம்: முதல் இடுப்பு முள்ளெலும்பின் அடர்த்தி 110 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை இருக்கவே வாய்ப்பு அதிகம்.

## விட்டுக்கொடுப்பது எலும்பு

'எந்த உலோகம் பலமானது' என்று தேடத் தொடங்கினால் வழி தவறிவிடும். விறைப்பை அளந்தால் ஸ்டீல் ஏறக்குறைய 190 முதல் 200 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை சுமார் 110, திடமான புறணி எலும்பு 15 முதல் 20. உள்ளிருக்கும் பஞ்சு எலும்பு பெரும்பாலும் ஒன்றைக்கூட எட்டாது. இப்படி இருக்கும்போது ஆரம்ப வாரங்களில் முதலில் உடைவது உலோகமாக இருப்பது அபூர்வம். ஸ்க்ரூவின் புரிகளுக்கு நடுவே இருக்கும் எலும்பு நொறுங்குகிறது, ஸ்க்ரூ ஆடத் தொடங்குகிறது, ஆட ஆடத் துளை பெரிதாகிறது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும். அதைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு கனம் ஏறும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும்.

பஞ்சு எலும்பின் பலம் அதன் அடர்த்தியின் இருமடியை ஒட்டிப் போகிறது. அடர்த்தி கால்வாசி குறைந்தால் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால்தான் இளைஞருக்கு நின்ற அதே ஸ்க்ரூ, அதே கையால், அதே இடத்தில் போட்டும் பாட்டிக்கு நிற்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

முதலாவது, அறுவை முடிந்த அன்றே பிடிப்பு எவ்வளவு? இரண்டாவது, மூன்று மாதம் கழித்து அந்தப் பிடிப்பு கூடியிருக்குமா, குறைந்திருக்குமா? இவை இரண்டும் வேறு வேறு. சிமென்ட் முதல் கேள்வியில் முதலிடம் வாங்கும், மருந்து இரண்டாவதில்.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம்: மறுநாள் எழுந்து நின்று முழுப் பாரமும் போட முடியுமா? 'காலைத் தரையில் லேசாக ஊன்றுங்கள், இருபது கிலோவுக்கு மேல் போடாதீர்கள்' என்று எண்பது வயதுக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. கையில் பலம் இல்லை, சமநிலை இல்லை, சிலருக்கு நினைவும் இல்லை. ஒன்று முழுதாக ஊன்றுவார்கள், அல்லது படுத்தே இருப்பார்கள். படுத்தே இருந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எழுந்து நிற்க விடாத பிடிப்பு, எக்ஸ்ரேயில் எத்தனை அழகாக இருந்தாலும், இந்த வயதில் தோல்விதான்.

நான்காவது, அந்த நாளில் உடலுக்கு என்ன ஆபத்து? ஐந்தாவது, இது தோற்றால் அடுத்த வழி திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் இந்த ஐந்தாவது கேள்விக்குள்தான் இருக்கும். பொருளின் விலையை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவது அறுவையின் விலையை யாரும் கேட்பதில்லை.

## வழி 1: இருப்பதையே சரியான இடத்தில் வைப்பது

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அதனால்தான் இதைப் பட்டியலில் சேர்க்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் வழி.

தொடை எலும்பின் மேல்முனை முறிவில் (இடுப்பு முறிவு என்பது இதுதான்), அந்த எலும்பின் பந்து போன்ற தலைக்குள் செல்லும் பெரிய ஸ்க்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனி, தலையின் உச்சியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு எக்ஸ்ரேயிலும் அளந்து கூட்டினால் ஓர் எண் வரும். பாம்கார்ட்னரும் அவருடைய குழுவினரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எண் 25 மி.மீ.க்குள் இருந்த ஒருவருக்குக்கூட ஸ்க்ரூ தலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவில்லை. கிழித்து வந்தவர்களில் சராசரி 38 மி.மீ. சில மில்லிமீட்டர் வித்தியாசம், அவ்வளவுதான். ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் கம்பி சரியான இடத்தில் இல்லையென்றால் வெளியே இழுத்து மறுபடி விடுவதற்கான பொறுமை மட்டும் வேண்டும்.

இதே வகையில் இன்னும் சில. ஸ்க்ரூவுக்கான துளையைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டு, சுற்றியிருக்கும் பஞ்சு எலும்பை இறுக்கிக்கொண்டு ஸ்க்ரூ போகும்படி செய்வது. வெளிச்சுவர்கள் இரண்டையும் பிடிக்கிற நீளத்துக்குப் போடுவது. ஒருமுறை இறுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடாமலிருப்பது. அப்புறம், அந்தக் கடைசிக் கால் சுற்றை முறுக்காமல் விடுவது. புரையோடிய எலும்பில் இறுகுவதற்கும் புரி கழல்வதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கழன்ற ஸ்க்ரூவின் பிடிப்பு பெரும்பகுதி போய்விட்டதாகவே கணக்கு.

எப்போது இதுவே போதும்: முறிவு நிலையானது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, புரை நடுத்தர அளவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட இடுப்பு முறிவில் சறுக்கும் ஸ்க்ரூவும் பக்கவாட்டுப் பிளேட்டும் நெயிலுக்கு இணையாகவே நிற்கின்றன, விலையும் குறைவு. மறைந்திருக்கும் செலவு ஒன்றே ஒன்று: இது முழுக்க முழுக்க செய்பவரின் கையைச் சார்ந்தது.

## வழி 2: லாக்கிங் பிளேட்

சாதாரணப் பிளேட் எலும்பின்மேல் அழுத்தி, உராய்வால் நிற்கிறது. ஸ்க்ரூ தளர்ந்தால் அழுத்தம் போய்விடும், பிளேட்டும் ஆடும். லாக்கிங் பிளேட்டில் ஸ்க்ரூவின் தலையிலும் புரி உண்டு, அது பிளேட்டின் துளையிலேயே முறுகிக்கொள்ளும். பிளேட்டும் ஸ்க்ரூக்களும் சேர்ந்து ஒரே சட்டமாகிவிடுகின்றன. ஒரு ஸ்க்ரூவை மட்டும் தனியாகப் பிடுங்க முடியாது. எல்லாம் ஒன்றாக வந்தால்தான் உண்டு. புரையுள்ள எலும்புக்கு இது பெரிய வரம்.

ஆனால் இதில் ஏமாறவும் நிறைய இடமிருக்கிறது. ஸ்க்ரூவைத் திருப்பும்போது கைக்கு நன்றாக இறுகியதுபோல் தெரியும். இறுகியது பிளேட்டோடு. எலும்பைப் பிடித்ததா என்று கை சொல்லாது. துண்டுகளைச் சேர்த்து நேராக்கிய பிறகே லாக் செய்ய வேண்டும். கோணலாக லாக் செய்தால் அந்தக் கோணல் அப்படியே நிலைத்துவிடும். எல்லாத் துளையையும் நிரப்பிச் சட்டத்தை அதிகம் விறைப்பாக்கினால், எலும்பு கூடுவதற்குத் தேவையான சிறு அசைவும் இல்லாமல் போகும். தொடை எலும்பின் கீழ்முனையில் இதனால் எலும்பு கூடாமல் நின்று, பல மாதம் கழித்துப் பிளேட்டே களைத்து உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். நீளமான பிளேட், குறைவான ஸ்க்ரூ, நடுவில் சில துளைகளைக் காலியாக விடுவது என்பதே இங்கே நல்ல வழக்கம். வெளிச்சுவர் சன்னமாக இருப்பதால் ஸ்க்ரூ ஒரு சுவரோடு நிற்காமல் எதிர்ச்சுவரையும் பிடிக்க வேண்டும்.

தோள்பட்டையில் இன்னொரு சிக்கல். மேல்கை எலும்பின் தலை உள்ளே வெறும் ஓடுபோல் இருக்கும். லாக்கிங் ஸ்க்ரூக்கள் அசையாமல் நிற்க, தலை அவற்றின்மேல் சரிந்து உட்காரும். ஸ்க்ரூ நுனி மூட்டுக்குள் எட்டிப்பார்த்து எதிரே உள்ள குழியைச் சுரண்டும். தலையின் உள்பக்க அடித்தளத்தைத் தாங்கும்படி ஒரு ஸ்க்ரூ போடுவதும், தண்டுக்குள் ஓர் எலும்புத் துண்டைத் தூணாக நிறுத்துவதும் இதைக் குறைக்கும்.

'பிளேட் வேண்டுமா' என்ற கேள்வியையே கேட்க வேண்டிய இடங்களும் உண்டு. 250 பேரை வைத்து 2015-இல் வெளியான புரோஃபர் ஆய்வில், இடம்பெயர்ந்த தோள்பட்டை முறிவுகளில் அறுவை செய்தவர்களுக்கும் தூளியில் கை கட்டிவிட்டவர்களுக்கும் இரண்டு வருடத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மணிக்கட்டிலும் அப்படித்தான். 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், மாவுக்கட்டுக்கும் லாக்கிங் பிளேட்டுக்கும் ஒரு வருடம் கழித்துக் கை வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. எக்ஸ்ரே கொஞ்சம் கோணலாக இருக்கும், கை நன்றாக இருக்கும். சீக்கிரமே கையைப் பயன்படுத்தியாக வேண்டியவர்களுக்கு, உதாரணமாகக் கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறார், தனியாக வாழ்கிறார் என்றால், பிளேட் பக்கம் நான் சாய்வேன்.

## வழி 3: நெயில்

நெயில் எலும்பின் நடுக்குழாய்க்குள் போகிறது. பாரம் செல்லும் அச்சுக்கு அருகில் இருப்பதால் வளைக்கும் விசை குறைகிறது. இடுப்பின் நிலையற்ற முறிவுகளிலும், குறிப்பாக முறிவுக் கோடு தலைகீழாகச் சரிந்திருக்கும்போதும், நெயிலுக்கு நான் மாற்று தேடுவதில்லை. மறுநாளே நிற்க வைக்கலாம்.

தலைக்குள் போவது ஸ்க்ரூவாக இருக்கலாம், முறுக்கு பிளேடாகவும் (முறுக்கிய அலகு, மேலே சொன்ன பிளேட் இல்லை) இருக்கலாம். துளையிட்டு எலும்பை வெளியே எடுக்காமல், பிளேடைத் தட்டி உள்ளே செலுத்துகிறார்கள். பஞ்சு எலும்பு அதைச் சுற்றி நெருங்கி இறுகுகிறது, தலை சுழல்வதற்கும் எதிர்ப்பு கூடுகிறது. சில சமயம் பிளேடு நேராக முன்னேறித் தலையைத் துளைத்துக்கொண்டு மூட்டுக்குள் போவதும் உண்டு. ஒன்று மற்றொன்றைவிட எப்போதும் மேல் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டுமே நுனி நிற்கும் இடத்தைப் பொறுத்தவை, வழி 1-ஐ மறுபடி படியுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: குட்டை நெயில் என்றால் அதன் நுனியருகே புதிய முறிவு வரலாம். புரை எலும்பு முழுவதிலும் இருக்கிறது, முறிந்த இடத்தில் மட்டும் இல்லை. அதனால் கூடிய மட்டும் எலும்பின் முழு நீளத்தையும் காக்கும்படி நீள நெயில் போடுவது எனக்குப் பிடித்தமானது. தொடை எலும்பு வில்போல் வளைந்திருக்கும் வயோதிகர்களில் நீள நெயிலின் நுனி முன்சுவரில் முட்டும் என்பதையும் அறுவைக்கு முன்பே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்த்துவிட வேண்டும்.

முழங்காலுக்கு மேலே நொறுங்கிய முறிவுகளில் நெயிலும் பிளேட்டும் சேர்த்தோ, இரண்டு பக்கமும் பிளேட் வைத்தோ செய்வது இப்போது பரவி வருகிறது. அறுவை பெரிது, நேரம் கூடும். பதிலுக்குக் கிடைப்பது உடனே ஊன்றி நிற்கும் உரிமை. தாங்கும் உடல்நிலை இருந்தால் கொடுக்கத்தக்க விலைதான்.

## வழி 4: சிமென்ட் சேர்ப்பது

இது கட்டடச் சிமென்ட் இல்லை. பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக். பொடியும் திரவமும் கலந்தால் பசைபோலாகி, சில நிமிடங்களில் கல்லாக இறுகும். இறுகும்போது சூடாகும். பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள ஸ்க்ரூவை முதலில் பொருத்தி, அதன் உட்குழாய் வழியாகச் சிமென்ட்டைச் செலுத்துகிறார்கள். அது வலைப்பின்னலுக்குள் பரவி ஸ்க்ரூவுக்கு ஒரு குமிழ்போன்ற வேரைத் தருகிறது. முதுகெலும்பு ஸ்க்ரூ ஒன்றுக்கு 1 முதல் 3 மில்லி போதும். பிடுங்கி எடுக்கத் தேவையான விசை கணிசமாகக் கூடுகிறது. அன்றைய தினப் பிடிப்பில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லோருக்கும் போட்டுவிடலாமே? நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

சிமென்ட் கசியும். முதுகெலும்பில் ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்கும் போகலாம், தண்டுவடக் கால்வாய்க்குள்ளும் போகலாம். பெரும்பாலான கசிவுகள் தொந்தரவு தராதவை, ஆனால் தொந்தரவு தருவது வந்தால் அது சிறியதாக இருக்காது. சிமென்ட் இன்னும் நீர்த்திருக்கும்போதே அவசரப்பட்டு அழுத்துவதுதான் முக்கியக் காரணம். பற்பசை அளவுக்குக் கெட்டியாகும் வரை காத்திருந்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல அழுத்த வேண்டும். தொடை எலும்புத் தலையில் என்றால், முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் மாறுநிறத் திரவத்தைச் செலுத்தி அது மூட்டுக்குள் கசிகிறதா என்று பார்ப்போம். திரையில் மூட்டின் வளைவைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பிறைக்கோடு ஓடினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தத் தலைக்குச் சிமென்ட் கிடையாது. முறிவுக் கோட்டுக்குள்ளும் சிமென்ட் போகக்கூடாது, நடுவே கல் இருந்தால் எலும்பு எப்படிக் கூடும்?

ஐந்தாவது கேள்வியில்தான் சிமென்ட் மிக மோசமான மதிப்பெண் வாங்குகிறது. தொற்று வந்தாலோ, ஸ்க்ரூவை எடுக்க நேர்ந்தாலோ, சிமென்ட்டோடு பிடித்த எலும்பும் போகும். மேலும், ஒரு முள்ளெலும்பைக் கல்லாக்கினால் அதற்கு மேலிருக்கும் மெலிந்த முள்ளெலும்பு நசுங்கும் அபாயமும் கவலைக்குரியது.

எனவே சிமென்ட்டை நான் குறுகிய இடத்தில் வைக்கிறேன்: புரை கடுமையானது, வயது அதிகம், நாளையே நின்றாக வேண்டும், இரண்டாவது அறுவையை உடல் தாங்காது. அல்லது முன்பு போட்ட ஸ்க்ரூ தளர்ந்து, அதே இடத்தில் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. ஐம்பத்தைந்து வயதில் லேசான புரை உள்ளவருக்கு 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடுவதை ஏற்க மாட்டேன்.

கால்சியம் பாஸ்பேட் சிமென்ட் என்று ஒன்றும் உண்டு. அது எலும்போடு ஒட்டும், சூடு பெரிதாக இல்லை, காலப்போக்கில் மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம்விடும். ஆனால் நொறுங்கும் குணம். முழங்கால் மேற்பரப்பு அமுங்கிய முறிவில் பள்ளத்தை நிரப்ப அருமையானது. இழுவிசையையும் சறுக்கு விசையையும் தாங்கச் சொல்லி அதை நம்பாதீர்கள்.

## வழி 5: மேற்பூச்சும் விரியும் ஸ்க்ரூவும்

சுருக்கமாகச் சொல்லலாம். எலும்பின் கனிமமான ஹைட்ராக்ஸிஅபடைட்டைப் பூசிய ஸ்க்ரூவோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும். முறிவைத் தோலுக்கு வெளியிலிருந்து பிடிக்கும் வெளிச்சட்டம் மாட்டும் பின்களில் இதன் பயன் நன்கு தெரிந்தது: மாதக்கணக்கில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பின் தளராமல் நிற்கிறது. ஆனால் ஒட்ட வாரங்கள் ஆகும், அதுவரை அசைவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவும் எலும்பும் சேரும் இடத்தில் அசைவு 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அதாவது முதல் நாள் பிடிப்பு ஏற்கெனவே இருக்கிற இடத்தில்தான் பூச்சு பலன் தரும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது.

உள்ளே போனபின் விரியும் ஸ்க்ரூக்கள் முதுகெலும்பில் சிமென்ட்டுக்கு மாற்றாகப் பயன்படுகின்றன. கசிவு பயம் இல்லை. விரிந்ததை மறுபடி சுருக்கி வெளியே எடுப்பது பெரும்பாடு.

## வழி 6: பிடிக்க முயலாமல் மூட்டை மாற்றுவது

தொடை எலும்பின் கழுத்து முறிந்து, தலை இடம்பெயர்ந்துவிட்டது, வயதும் ஆகிவிட்டது என்றால், ஸ்க்ரூ போட்டுக் காப்பாற்ற முயல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே சிதைந்திருக்கும். ஸ்க்ரூ பிடித்தாலும் தலை பிழைக்குமா என்பது நிச்சயமில்லை. பாதி மூட்டு அல்லது முழு மூட்டு மாற்று செய்தால் எலும்பு கூடுவதற்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. மறுநாள் நடை.

இங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது: செயற்கை மூட்டின், எலும்புக்குழாய்க்குள் இறங்கும் தண்டைச் சிமென்ட் வைத்து நிறுத்துவதா, சிமென்ட் இல்லாமல் இறுக்கித் தட்டுவதா? 60 வயதுக்கு மேற்பட்ட 1,225 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தந்தது. சிமென்ட் வைத்தவர்களில் பின்னர் தண்டைச் சுற்றி எலும்பு முறிந்தது 0.5 சதவீதம், சிமென்ட் இல்லாதவர்களில் 2.1 சதவீதம். நான்காவது மாதத்தில் வாழ்க்கைத் தரமும் சிமென்ட் குழுவில் கொஞ்சம் மேலாக இருந்தது. சன்னமான குழாய்க்குள் உலோக ஆப்பை இறுக்கித் தட்டினால் குழாய் பிளக்கத்தானே செய்யும்.

ஆபத்து அறுவை மேசையிலேயே இருக்கிறது. சிமென்ட்டை அழுத்தும் நிமிடத்தில் சிலருக்கு ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கும். குழாயை நன்றாகக் கழுவி, கொழுப்பை வெளியேற்றி, 'இப்போது சிமென்ட் போகிறது' என்று மயக்க மருத்துவரிடம் உரக்கச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். இதயமும் நுரையீரலும் மிகவும் பலவீனமானவர்களுக்கு இதை முன்பே குடும்பத்தாரிடம் பேசியிருக்க வேண்டும்.

தோள்பட்டையில் தலை நான்காக நொறுங்கியிருந்தால் தலைகீழ் மூட்டு மாற்றும் (பந்தையும் குழியையும் இடம் மாற்றி வைப்பது), முழங்கையில் கீழ்முனை பொடியாகியிருந்தால் முழங்கை மாற்றும் இதே தர்க்கத்தில் வருகின்றன. முழங்கை மாற்றினால் வாழ்நாள் முழுக்க அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக்கூடாது. பேரனைத் தூக்குவதும் அதில் அடங்கும். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

## வழி 7: எலும்பையே தேற்றும் மருந்து

இது மற்ற ஆறுக்கும் மாற்று இல்லை, எல்லாவற்றோடும் சேர்ந்து போக வேண்டியது. ஆனாலும் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் கைவிடப்படுவது எப்போதும் இதுதான்.

எனக்கு ஒரு அம்மாவை மறக்க முடியாது. வலது இடுப்பில் நெயில் போட்ட முறிவு அழகாகக் கூடியிருந்தது. ஒரு வருடத்துக்குள் இடது இடுப்பு முறிந்து வந்தார். பழைய சீட்டைப் புரட்டினால் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், கால்சியம். எலும்புப்புரைக்கு மருந்து எதுவும் இல்லை. உலோகத்தை அவ்வளவு கவனமாக வைத்தார்கள், அது நிற்கிற எலும்பை யாரும் பார்க்கவில்லை.

மருந்துகள் இரண்டு வகை. எலும்பு கரைவதைத் தடுப்பவை, புதிதாகக் கட்டுபவை. முதல் வகையில் சோலிட்ரோனிக் அமிலம் வருடத்துக்கு ஒரு முறை 5 மில்லிகிராம் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது. இடுப்பு முறிவு அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளியானது. புதிய முறிவுகள் 13.9 சதவீதத்திலிருந்து 8.6 ஆகவும், இறப்பு 13.3 சதவீதத்திலிருந்து 9.6 ஆகவும் குறைந்தன. இந்த மருந்து முறிவு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்ற பயத்தில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் கொடுக்கக்கூடாது. வைட்டமின் டி குறைவை முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியான டெனோசுமாபை யாருக்காவது தொடங்கினால், இடையில் நிறுத்தக்கூடாது என்பதைப் பலமுறை சொல்லுங்கள். நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கலாம்.

கட்டும் வகையில் டெரிபராடைட் தினமும் 20 மைக்ரோகிராம் ஊசி, பொதுவாக இரண்டு வருடம் வரை. முதுகெலும்பு அறுவை செய்துகொண்ட, மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் ஸ்க்ரூ தளர்வதை இது குறைத்தது. இங்கே மறைந்த செலவு தினசரி ஊசியும் அதன் விலையும் மட்டும் இல்லை. முடித்ததும் கரைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடராவிட்டால் கட்டியது கரைந்துபோகும். ரோமோசோசுமாப் மாதம் ஒரு முறை, ஒரு வருடம். கடந்த ஒரு வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | முதல் நாள் பிடிப்பு | மாதங்கள் கழித்து | மறுநாள் ஊன்ற | தோற்றால் | சிறப்பாகப் பொருந்துவது |
|---|---|---|---|---|---|
| சரியான இடத்தில் ஸ்க்ரூ | நடுத்தரம் | எலும்பைப் பொறுத்தது | நிலையான முறிவில் முடியும் | எல்லா வழியும் திறந்திருக்கும் | எல்லோருக்கும் அடிப்படை |
| லாக்கிங் பிளேட் | நன்று | விறைப்பு மிகுந்தால் கூடுவது தாமதம் | காலில் இடத்தைப் பொறுத்தது | திறந்திருக்கும் | மூட்டை ஒட்டிய முறிவு |
| நெயில் | மிக நன்று | நன்று | முடியும் | மூட்டு மாற்று சற்றுக் கடினம் | நிலையற்ற இடுப்பு முறிவு, நீள எலும்பின் தண்டு |
| சிமென்ட் சேர்த்த ஸ்க்ரூ | மிகச் சிறப்பு | பெரும்பாலும் நீடிக்கும் | முடியும் | எடுப்பது மிகக் கடினம் | கடும் புரை, தளர்ந்த ஸ்க்ரூ |
| மேற்பூச்சு | மாற்றம் இல்லை | கூடும் | மற்றதைப் பொறுத்தது | எடுப்பது சற்றுக் கடினம் | வெளிச்சட்டப் பின் |
| மூட்டு மாற்று | மிகச் சிறப்பு | நன்று | முடியும் | பெரிய மறு அறுவை | இடம்பெயர்ந்த கழுத்து முறிவு |
| மருந்து | இல்லை | கூடும் | தொடர்பில்லை | மருந்தை மாற்றலாம் | எல்லோருக்கும் |

## நேரம் இருக்கிறதா, இல்லையா?

கடைசியில் தேர்வைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான். இடுப்பு முறிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஓரிரு நாளுக்குள் அறுவை செய்தாக வேண்டும். அங்கே வழி 1-உம் 3-உம், அல்லது 6-உம். எலும்பு மிக மோசம் என்றால் மட்டும் 4. மருந்து பிறகு.

முதுகெலும்பில் திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் நிலைமை நேர்மாறு. நரம்பு அவசரமாக நசுங்கவில்லை என்றால் சில மாதங்கள் கையில் இருக்கின்றன. அந்த மாதங்களை வீணாக்காதீர்கள். டெக்ஸா எடுத்து, வைட்டமின் டி பார்த்து, புகைப்பதை நிறுத்தி, கட்டும் மருந்தை முன்பே தொடங்கிவிட்டு மேசைக்கு வந்தால், சிமென்ட் தேவைப்படும் ஸ்க்ரூக்களின் எண்ணிக்கையே குறையலாம். தேவைப்பட்டால் கூடுதல் முள்ளெலும்புகளைப் பிடித்தும், திடமான எலும்பைத் தேடிப்போகும் பாதையில் ஸ்க்ரூ விட்டும் பாரத்தைப் பகிரலாம்.

அவசர அறுவையோ திட்டமிட்டதோ, வீடு திரும்பும் நாளில் கையில் கொடுக்கும் சீட்டில் மூன்று வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எவ்வளவு பாரம் ஊன்றலாம், எலும்புப்புரைக்கு எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்குகிறது, அதைத் தொடர்ந்து கவனிக்கப்போவது யார். இல்லையென்றால் வண்டி வாசலில் காத்திருந்தாலும் பரவாயில்லை, திரும்ப உள்ளே போய்க் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.